அல்பிரட் வெக்னர்: கண்டங்களின் நகர்வைக் கண்ட வானிலை அறிஞர்

புலம்பெயர்ந்து வாழும் எமது வீடுகள் பலவற்றில் உலகப்படம் ஒன்று ஏதாவதொரு மூலையில் இருக்கவே செய்கின்றது. பிள்ளையின் பாடசாலைப் பையில் உள்ள தேசப்படப் புத்தகமாகவோ சுவரில் ஒட்டிய தாளாகவோ அது இருக்கலாம். அதனை விரிக்கும் பெற்றோரின் விரல் முதலில் இந்து சமுத்திரத்தின் சிறிய தீவொன்றையோ, அதற்கு மேலேயுள்ள தென்னிந்தியக் கரையையோ சென்று தொடுகின்றது. அவ்விரல் சற்று மேற்கே சென்று, ஆபிரிக்காவைக் கடந்து, அட்லாண்டிக் சமுத்திரத்தின் இரு கரைகளையும் நோக்குமாயின் ஒரு விந்தை புலப்படும். பிறேசில் நாட்டின் புடைத்த கிழக்கு முனை, ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கினி வளைகுடாவினுள் அளந்து வெட்டியதுபோல் பொருந்துவதாகத் தோன்றும்.

இந்தப் பொருத்தத்தைக் கண்டவர்கள் பலர். 16ஆம் நூற்றாண்டிலேயே படவரைஞர் ஒர்ட்டேலியஸ் அதனைக் குறிப்பிட்டிருந்தார். ஆயினும் கண்டதோடு நின்றுவிடாது, அதனை ஒரு கேள்வியாக்கி, கேள்வியைக் கருதுகோளாக்கி, கருதுகோளைச் சான்றுகளின் முன் நிறுத்தி, அதற்காகவே தமது வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஒருவரே. அவர்தான் அல்பிரட் வெக்னர். அவருடைய வாழ்க்கையை அறிவது, விஞ்ஞானம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை எமது மாணவர்கள் அறிந்துகொள்வதற்கும் நல்லதொரு வழியாகும்.

மதகுருவின் மகன்

அல்பிரட் லோதர் வெக்னர் 1880ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1ஆம் திகதி ஜேர்மனியின் பேர்லின் நகரில் பிறந்தார். தந்தையார் றிச்சர்ட் வெக்னர் ஒரு மதகுரு. பண்டைய மொழிகளைக் கற்பித்த ஆசிரியருமாவார். ஐந்து பிள்ளைகளில் அல்பிரட்டே இளையவர். அவருக்கு இரண்டு வயது மூத்த சகோதரர் கேர்ட், பிற்காலத்தில் அவரது ஆய்வுகளிலும் பயணங்களிலும் துணை நின்றவர்.

பேர்லின், ஹைடெல்பேர்க், இன்ஸ்புறுக் ஆகிய நகரங்களில் கல்வி பயின்ற வெக்னர், 1905இல் வானியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆனால் தொலைநோக்கியின் முன் அமர்ந்திருக்கும் வாழ்வு அவருக்கு உவப்பளிக்கவில்லை. அக்காலத்தில் இளமையான துறையாக விளங்கிய வளிமண்டலவியலை அவர் தெரிந்துகொண்டார். பட்டங்களையும் பலூன்களையும் உயரே அனுப்பி மேல்வளியின் வெப்பத்தையும் காற்றையும் அளக்கும் பணியில் ஈடுபட்டார். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சகோதரர்கள் இருவரும் ஒரே பலூனில் 52 மணி நேரத்துக்கும் கூடுதலாகத் தொடர்ந்து வானில் மிதந்து, அதுவரை இருந்த உலக சாதனையை முறியடித்தனர்.

அதே ஆண்டில் டென்மார்க் நாட்டினர் கிறீன்லாந்தின் வடகிழக்குக் கரைக்கு அனுப்பிய ஆய்வுக்குழுவில் வெக்னர் இணைந்துகொண்டார். இரண்டு ஆண்டுகள் நீடித்த அப்பயணத்தில் குழுவின் தலைவரும் தோழர்கள் இருவரும் பனிவெளியில் உயிரிழந்தனர். துருவப் பிரதேசம் மனிதரிடம் எதனைக் கேட்கக்கூடும் என்பதை இளம் வயதிலேயே அவர் அருகிலிருந்து கண்டார். ஆயினும் கிறீன்லாந்தின் மீது அவர் கொண்ட பற்று அதனால் குறைந்துவிடவில்லை.

1908இல் நாடு திரும்பியதும் மார்பேர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். 1911இல் வளிமண்டலத்தின் வெப்பவியல் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. குளிர்ந்த முகில்களில் நீர்த்துளிகளைக் குறைத்துப் பனிப்பளிங்குகள் வளர்கின்றன என்று அவர் கூறிய கருத்து, மழை உருவாகும் விதத்தை விளக்கும் கொள்கைகளில் ஒன்றாக இன்றும் அவர் பெயரையும் தாங்கி நிற்கின்றது. ஐரோப்பாவில் எமது முற்றங்களில் பெய்யும் மழையிற் பெரும்பங்கு, மேலே பனிப்பளிங்காகத் தொடங்கிய மழையே.

தேசப்படத்தில் எழுந்த கேள்வி

1910ஆம் ஆண்டின் இறுதியில், சக ஊழியர் ஒருவருக்குக் கிடைத்த புதிய தேசப்படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அட்லாண்டிக் கரைகளின் பொருத்தம் வெக்னரின் கண்ணிற் பட்டது. முதலில் அவர் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு நூலகத்தில் கட்டுரையொன்றை வாசிக்க நேர்ந்தபோது நிலைமை மாறியது. பிறேசிலிலும் ஆபிரிக்காவிலும் ஒரேவகைத் தொல்லுயிரிகளின் உயிர்ச்சுவடுகள் கிடைப்பதை அக்கட்டுரை எடுத்துக்காட்டியது. கரையின் வடிவம் ஒரு தற்செயலாக இருக்கலாம். கரையின் வடிவமும் உயிர்ச்சுவடுகளும் ஒரே திசையைச் சுட்டுமாயின், அதனைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினமாகும்.

இங்கேதான் மாணவர்கள் விஞ்ஞான முறையின் முதற் படிகளைக் காணலாம். அவதானம் முதலில் வருகின்றது. அதிலிருந்து ஒரு கேள்வி எழுகின்றது. அக்கேள்விக்குத் தற்காலிகமான ஒரு விடை முன்வைக்கப்படுகின்றது, அதுவே கருதுகோள். கருதுகோள் சரியாயின் வேறு எவற்றை நாம் காண வேண்டும் என்று அடுத்ததாக வினவப்படுகின்றது. வெக்னர் தம்மிடம் கேட்டுக்கொண்ட வினா அதுவே. இரு கண்டங்களும் ஒருகாலத்தில் ஒன்றாக இருந்திருந்தால், கரையின் விளிம்பு மாத்திரம் பொருந்தினாற் போதாது. உள்ளே உள்ள பாறைகளும் மலைத்தொடர்களும் தொல்லுயிரிகளும் பழைய காலநிலையின் அடையாளங்களும் பொருந்த வேண்டும்.

1912ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி, பிராங்பேர்ட் நகரில் உள்ள செங்கன்பேர்க் நூதனசாலையில் கூடியிருந்த புவிச்சரிதவியலாளர்கள் முன்னிலையில், முப்பத்தொரு வயதான அந்த வானிலை அறிஞர் தமது கருத்தை முதன்முறையாக எடுத்துரைத்தார். அவர் அத்துறையில் பட்டம் பெற்றவர் அல்லர். ஆகவே, வேற்று வீட்டினுள் புகுந்து அங்குள்ளவற்றை மாற்றியமைக்க முனைபவராகவே பலருக்கும் அவர் தோன்றினார்.

அந்தச் சர்ச்சை வளருமுன்னரே அவர் மீண்டும் கிறீன்லாந்துக்குப் புறப்பட்டார். 1912–13இல் டென்மார்க்கைச் சேர்ந்த கொக் என்பவரின் தலைமையில் நால்வர், ஐஸ்லாந்துக் குதிரைகளுடன் கிறீன்லாந்தின் பனிப்பாளத்தைக் குறுக்கே கடந்தனர். பனிப்பாளத்தின் மீதே மாரிகாலம் முழுவதையும் அவர்கள் கழித்தனர். பயணத்தின் முடிவில் உணவு தீர்ந்து, இறுதிக் குதிரையையும் தம்முடன் வந்த நாயையும் உணவாக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தபோது, தற்செயலாகப் படகில் வந்த மதகுரு ஒருவரால் காப்பாற்றப்பட்டனர். நாடு திரும்பிய வெக்னர், புகழ்பெற்ற காலநிலையியலாளர் விளாடிமிர் கோப்பனின் மகளான எல்சேயை 1913இல் மணந்தார். இவர்களுக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

போர்க்காயமும் புத்தகமும்

1914இல் முதலாம் உலகப்போர் மூண்டது. ஒதுக்கப் படையின் அதிகாரியாக இருந்த வெக்னர் உடனடியாகப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். சில மாதங்களுக்குள் முதலில் கையிலும், பின்னர் கழுத்திலும் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களுக்குள்ளானார். காயமுற்று ஓய்விலிருந்த காலத்தில் அவர் எழுதி முடித்த நூலே கண்டங்களினதும் சமுத்திரங்களினதும் தோற்றம் என்பதாகும். 1915இல் வெளிவந்த அந்நூலின் முதற் பதிப்பு நூறு பக்கங்களுக்கும் குறைவானது. போர் நடந்துகொண்டிருந்ததால் அது ஜேர்மனிக்கு வெளியே பரவவில்லை. பின்னர் 1920, 1922, 1929 ஆகிய ஆண்டுகளில் அதனைத் திருத்தியும் விரித்தும் வெளியிட்டார். ஒவ்வொரு பதிப்பிலும் புதிய சான்றுகள் சேர்ந்தன. பிழையெனக் கண்டவை மாற்றப்பட்டன.

அந்நூலில் அவர் கையாண்ட உவமை ஒன்று பத்திரிகை வாசகர்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது. கிழிந்த பத்திரிகைத் தாள் ஒன்றின் துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து வைக்கின்றோம். அச்சிடப்பட்ட வரிகள் ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்கு இடறாமல் ஓடுகின்றனவா என்று பார்க்கின்றோம். ஒரு வரி பொருந்தினாலே ஐயம் குறையும். பல வரிகள் பொருந்தினால், அத்துண்டுகள் ஒரே தாளைச் சேர்ந்தவை என்று கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அவர் காட்டிய வரிகள் எவை? நோர்வேயிலும் ஸ்கொட்லாந்திலும் உள்ள பழைய மலைத்தொடர், அட்லாண்டிக்கின் மறுகரையில் வட அமெரிக்காவின் கிழக்கே தொடர்வதை அவர் காட்டினார். மெசோசோறஸ் என்னும் சிறிய ஊர்வனவொன்றின் உயிர்ச்சுவடுகள் பிறேசிலிலும் தென்னாபிரிக்காவிலும் கிடைத்திருந்தன; பெருங்கடலை நீந்திக் கடக்கக்கூடிய விலங்கு அதுவன்று. நாவின் வடிவமான இலைகளையுடைய குளொசொப்ரெறிஸ் என்னும் தொல்தாவரத்தின் பதிவுகள் இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய யாவற்றிலும் காணப்பட்டன. தென்துருவத்தை அடைந்து திரும்பும் வழியில் 1912இல் மாண்ட ஆங்கிலேயர் ஸ்கொட்டின் கூடாரத்தருகே கண்டெடுக்கப்பட்ட கற்களிலும் அதே தாவரத்தின் சுவடுகள் இருந்தன. ஆகவே அந்தாட்டிக்காவும் அக்கூட்டத்தில் சேர்ந்தது.

காலநிலைச் சான்றுகளும் வியப்புக்குரியவை. இந்தியாவின் ஒறிசாவில் தல்சேர் என்னும் இடத்தில், ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பனியாறுகள் இழுத்து வந்து விட்டுச்சென்ற பாறைக்குவியல்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்டிருந்தன. வெயில் கொளுத்தும் அந்நிலத்தில் பனியாறு எவ்வாறு ஓடியது? வடதுருவத்துக்கு அண்மையில் உள்ள ஸ்பிற்ஸ்பேர்கன் தீவுகளில், அடர்ந்த காடுகளிலிருந்து உருவாகும் நிலக்கரி எவ்வாறு வந்தது? நிலங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன என்றால் இவற்றுக்கு விடையில்லை. அவை இடம் மாறின என்றால் இரண்டுக்கும் ஒரே விடை கிடைக்கின்றது.

எல்லாக் கண்டங்களும் ஒன்றாகச் சேர்ந்திருந்த அந்தப் பழைய நிலத்துக்கு, எல்லா நிலமும் என்று கிரேக்க மொழியிற் பொருள்படும் பஞ்சேயா என்னும் பெயர் நிலைத்தது. அதன் தென்பகுதி கொண்டுவானா எனப்படுகின்றது. மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பிரதேசத்தின் பெயரே அது. தென்னிந்தியா, இலங்கை, மடகஸ்கார், அந்தாட்டிக்கா ஆகியன அங்கே அயல் நிலங்களாக இருந்தன.

மூழ்கிய கண்டம் என்னும் எண்ணம்

தொலைதூர நிலங்களில் ஒரேவகை உயிர்கள் இருந்தமைக்கு அக்காலத்தில் வேறொரு விளக்கம் கூறப்பட்டு வந்தது. கண்டங்களுக்கிடையே பாலம்போல் பெருநிலங்கள் இருந்து பின்னர் கடலில் மூழ்கிவிட்டன என்பதே அவ்விளக்கம். மடகஸ்காரில் வாழும் லெமூர் என்னும் விலங்கினத்தின் பரம்பலை விளக்குவதற்காக, 1864இல் ஆங்கில விலங்கியலாளர் ஸ்கிளேற்றர் இந்து சமுத்திரத்தில் இவ்வாறான நிலமொன்றைக் கற்பித்து அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். தமிழர்களாகிய எமக்கு அப்பெயர் நன்கு பழக்கமானது. எமது பழைய நூல்களும் உரைகளும் கூறும் கடல்கோள் செய்திகளோடு பின்னர் அது இணைக்கப்பட்டமையே அதற்குக் காரணமாகும்.

வெக்னர் இந்தப் பாலங்களை ஏற்கவில்லை. கண்டங்களின் பாறை இலேசானது. சமுத்திரத்தின் அடியிலுள்ள பாறை அடர்த்தி கூடியது. நீரில் மரக்கட்டை மிதப்பதுபோல, இலேசான கண்டம் அடர்த்தியான கீழ்ப்படையின் மீது மிதந்து நிற்கின்றது. மிதக்கும் ஒன்று தானாகவே அடியில் அமிழ்ந்து மறையாது. எனவே நடுவில் இருந்த நிலம் மூழ்கியது என்பதிலும், ஒட்டியிருந்த நிலங்கள் விலகின என்பதே பொருத்தமானது என்று அவர் வாதிட்டார். பிற்காலத்தில் சமுத்திரத்தின் அடித்தளம் அளக்கப்பட்டபோது, இந்து சமுத்திரத்தை நிரப்பி நின்று மூழ்கிய பெருங்கண்டம் எதுவும் அங்கே காணப்படவில்லை.

இதனைக் கேட்கும் எம்மவர் சிலருக்கு மனவருத்தம் ஏற்படலாம். ஆனால் இரண்டு விடயங்களை வேறுபடுத்திப் பார்ப்பது நல்லது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைய மட்டத்திலும் பார்க்க ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அப்போது பாக்குநீரிணை நிலமாக இருந்தது. இலங்கையும் இந்தியாவும் இணைந்திருந்தன. பனி உருகியபோது கடல் ஏறிக் கரைநிலங்களை விழுங்கியது உண்மை. கரையோர நிலம் கடலுள் சென்றமை வேறு. கண்டமொன்று மூழ்கியமை வேறு. முன்னையதற்குச் சான்று உண்டு, பின்னையதற்கு இல்லை. எமது மொழியின் தொன்மை, மூழ்காத கண்டமொன்றின் மீது தங்கியிருக்கவேண்டிய தேவை இல்லை. பிள்ளைகள் பாடசாலையில் ஒன்றைக் கற்று வீட்டில் வேறொன்றைக் கேட்கும்போது, சான்று எங்கே என்று வினவ அவர்களைப் பழக்குவதே நாம் செய்யக்கூடிய உதவியாகும்.

எதிர்ப்பும் அதன் நியாயமும்

1924இல் வெக்னரின் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்ததும் எதிர்ப்பு வலுத்தது. 1926ஆம் ஆண்டு நவம்பரில் நியூயோர்க்கில் இதற்கென நடைபெற்ற கருத்தரங்கில் உரையாற்றியோரில் பெரும்பாலானோர் அவரது கொள்கையை நிராகரித்தனர். சிலரின் எதிர்ப்பில் ஏளனமும் இருந்தது. ஜேர்மனியில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. ஹம்பேர்க்கில் கடல்சார் வானிலை நிலையத்தில் பணியாற்றியபின், 1924இல் அயல்நாடான ஒஸ்ரியாவின் கிராஸ் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது.

ஆயினும் எதிர்த்தவர்கள் யாவரும் குறுகிய மனத்தினர் என்று கூறிவிடுவது நீதியாகாது. அவர்கள் கேட்ட ஒரு கேள்விக்கு வெக்னரிடம் தகுந்த விடை இருக்கவில்லை. இத்துணைப் பாரிய கண்டங்களை நகர்த்தும் விசை எது? பூமியின் சுழற்சியால் உண்டாகும் விசையையும் சந்திர சூரியரின் ஈர்ப்பையும் அவர் காரணமாகக் கூறினார். இவ்விசைகள் மிகமிகச் சிறியவை என்பதை ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜெப்றீஸ் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கணக்குச் சரியானதே. மேலும் கிறீன்லாந்து ஐரோப்பாவிலிருந்து ஆண்டொன்றுக்குப் பல மீற்றர்கள் விலகுவதாக வெக்னர் நம்பினார். அந்த அளவீடுகள் பிழையானவை. உண்மையான வேகம் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர்களே. எமது விரல் நகம் வளரும் வேகத்துக்கு அது ஒப்பானது.

ஆகவே நிகழ்ந்தது எது என்பதில் அவர் சரியாகவும், அது எவ்வாறு, எவ்வளவு வேகத்தில் நிகழ்கின்றது என்பதில் பிழையாகவும் இருந்தார். விஞ்ஞானத்தில் இவ்வாறு நிகழ்வது புதுமையன்று. கருதுகோளின் ஒரு பகுதி தவறானால் முழுவதையும் எறிந்துவிடுவதா, அல்லது சரியான பகுதியை வைத்துக்கொண்டு மீதியைத் தேடுவதா என்பதே கேள்வி. தென்னாபிரிக்காவின் டு ரொய்ற் போன்ற சிலர் பின்னைய வழியைத் தெரிந்தனர். பூமியின் உட்பகுதியில் உள்ள வெப்பம், அடுப்பிற் கொதிக்கும் கஞ்சிபோல மெல்ல மேலெழுந்து சுழல்வதால் கண்டங்கள் நகரலாம் என்று ஆங்கிலேயர் ஆதர் ஹோம்ஸ் 1920களின் இறுதியிலேயே கூறியிருந்தார். அக்காலத்தில் அதனைச் செவிமடுத்தோர் சிலரே.

இறுதிப் பயணம்

1930ஆம் ஆண்டு வசந்தத்தில் வெக்னர் தமது நான்காவது கிறீன்லாந்துப் பயணத்தை ஆரம்பித்தார். இம்முறை குழுவின் தலைவர் அவரே. பனிப்பாளத்தின் கனத்தை அளப்பதும், ஆண்டு முழுவதும் அங்கே வானிலையைப் பதிவுசெய்வதும் நோக்கங்கள். மேற்குக் கரையிலிருந்து 400 கிலோமீற்றர் உள்ளே, ஏறத்தாழ 3000 மீற்றர் உயரத்தில், பனியின் நடு என்னும் பொருள்பட ஐஸ்மிற்றே என்ற நிலையம் அமைக்கப்பட்டது. கேயோர்கி, சோர்கே என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே மாரியைக் கழிக்க இருந்தனர்.

தொடக்கத்திலிருந்தே தடங்கல்கள் நேர்ந்தன. கடற்பனி உருகாததால் கரையிறங்குவது பல வாரங்கள் தாமதித்தது. புதிதாகக் கொண்டுசென்ற இயந்திரச் சறுக்குவண்டிகள் மேட்டுப்பனியில் பயன்படவில்லை. உள்ளே இருந்த இருவருக்கும் போதிய உணவும் எரிபொருளும் சென்றடையவில்லை. எனவே செப்ரெம்பர் 21ஆம் திகதி, வெக்னர் தாமே பிறிற்ஸ் லோவே என்ற ஆய்வாளருடனும் கிறீன்லாந்தைச் சேர்ந்த பதின்மூன்று பேருடனும் நாய்கள் இழுக்கும் பதினைந்து வண்டிகளுடன் புறப்பட்டார். குளிர் கடுமையாகியது. துணைவந்தோர் படிப்படியாகத் திரும்பினர். இறுதியில் றாஸ்முஸ் வில்லும்சன் என்ற கிறீன்லாந்து இளைஞர் மாத்திரமே எஞ்சினார். பாரத்தின் பெரும்பகுதியை வழியில் விட்டுவிட நேர்ந்தது.

நாற்பது நாட்களின் பின், ஒக்ரோபர் 30ஆம் திகதி மூவரும் ஐஸ்மிற்றேயை அடைந்தனர். வழியில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 50 பாகையையும் தாண்டித் தாழ்ந்திருந்தது. லோவேயின் கால்விரல்கள் பனியால் விறைத்துப் பழுதடைந்திருந்தன. மயக்கமருந்து எதுவுமின்றி, சட்டைப்பைக் கத்தியால் அவற்றை அகற்ற வேண்டியதாயிற்று. அங்கிருந்தவர்களோ உள்ள உணவைச் சிக்கனமாகப் பயன்படுத்தி மாரியைக் கழிப்பதென ஏற்கெனவே முடிவுசெய்திருந்தனர். மூவருக்குப் போதக்கூடிய உணவு ஐவருக்குப் போதாது.

நவம்பர் 1ஆம் திகதி வெக்னருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். அன்றே அவரும் வில்லும்சனும் பதினேழு நாய்களுடன் மேற்குக் கரையை நோக்கித் திரும்பிப் புறப்பட்டனர். இருவரும் கரையை அடையவில்லை.

மாரி முடிந்து தேடிச் சென்றோர், 1931ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி, பாதி வழியில் பனியில் நிமிர்த்தி நாட்டப்பட்டிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளைக் கண்டனர். அதன் கீழே வெக்னரின் உடல், துயிற்பையின் உறைகளில் வைத்துத் தைக்கப்பட்டு, கவனமாக அடக்கஞ் செய்யப்பட்டிருந்தது. அளவுகடந்த உழைப்பினால் இதயம் நின்றிருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. தமது உயிருக்கே உத்தரவாதமில்லாத அக்குளிரிலும் அக்கடமையைச் செய்துவிட்டு, வெக்னரின் நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டு வில்லும்சன் மேற்கே சென்றிருந்தார். அவ்விளைஞரும் நாட்குறிப்பும் இன்றுவரை கண்டெடுக்கப்படவில்லை. வெக்னரின் பெயரோடு அவர் பெயரும் நினைக்கப்பட வேண்டியதாகும்.

வெக்னரின் உடலை அங்கேயே விட்டுவிட உறவினர் தீர்மானித்தனர். சகோதரர் கேர்ட் வந்து குழுவின் தலைமையை ஏற்றுப் பணியை நிறைவுசெய்தார். ஐஸ்மிற்றேயில் பனியின் கனம் இரண்டரைக் கிலோமீற்றருக்கும் கூடுதல் என்பதை அவர்கள் அளந்தறிந்தனர். கால்விரல்களை இழந்து உயிர் தப்பிய லோவே ஒரு யூதர். நாஸிகள் ஆட்சிக்கு வந்தபின் தொழிலையும் நாட்டையும் இழந்து இங்கிலாந்துக்குத் தப்பிச்சென்ற அவர், 1937இல் அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரை அடைந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வளிமண்டலவியல் துறையைத் தொடக்கினார். அகதியாக வந்தவர் புகுந்த நாட்டில் ஒரு துறையையே நிறுவிய வரலாறு அது.

சமுத்திரத்தின் அடியிலிருந்து வந்த விடை

வெக்னர் மறைந்து முப்பது ஆண்டுகளின் பின்னரே விடை கிடைத்தது. இரண்டாம் உலகப்போரின் பின் சமுத்திரங்களின் அடித்தளம் ஒலியலைகளால் அளக்கப்பட்டது. அமெரிக்காவின் மேரி தார்ப் என்ற பெண்மணி அவ்வளவீடுகளைப் படமாக வரைந்தபோது, அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் நீண்ட பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதைக் கண்டார். அங்கே உருகிய பாறை மேலெழுந்து புதிய கடற்றளமாக உறைகின்றது என்ற கருத்தை 1962இல் ஹரி ஹெஸ் வெளியிட்டார்.

இதனைச் சோதிப்பதற்கு ஒரு வழி இருந்தது. பாறை உறையும்போது அதிலுள்ள நுண்ணிய காந்தத் துகள்கள் அப்போதைய பூமியின் காந்தத் திசையைப் பதிவுசெய்துவிடுகின்றன. பூமியின் காந்தத் திசையோ நீண்டகால இடைவெளிகளில் தலைகீழாக மாறுவது. ஆகவே கடற்றளம் நடுவில் உருவாகி இருபுறமும் விலகுமாயின், மலைத்தொடரின் இருபக்கமும் ஒத்த காந்தப் பட்டைகள் காணப்பட வேண்டும். 1963இல் வைன், மத்தியூஸ் ஆகிய இரு ஆங்கிலேயர்கள், இந்து சமுத்திரத்தின் வடமேற்கில் உள்ள கால்ஸ்பேர்க் மலைத்தொடரின் அளவீடுகளைக்கொண்டு இக்கருத்தை முன்வைத்தனர். அடுத்த சில ஆண்டுகளில் பல சமுத்திரங்களில் அப்பட்டைகள் கண்டறியப்பட்டன. 1960களின் முடிவில், பூமியின் மேலோடு பல தகடுகளாக அமைந்து நகர்கின்றது என்ற புவித்தகட்டுக் கொள்கை நிலைபெற்றது. பின்னர் செய்மதிகள் அந்நகர்வை நேரடியாகவே அளந்துவிட்டன.

கொண்டுவானாவிலிருந்து பிரிந்து வடக்கே வந்த இந்தியத் தகடு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆசியாவோடு மோதியது; இமயம் எழுந்தது. அது இன்னமும் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் வீதம் நகர்கின்றது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி காலையில், சுமாத்திராவுக்கு அப்பால் அத்தகடு அயல் தகட்டின் கீழே அமிழும் எல்லையில், பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த இறுக்கம் ஒரே வேளையில் விடுபட்டது. அலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் மாத்திரம் 30,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த இரண்டு மணி நேரத்தில் எச்சரிக்கை செய்யக்கூடிய ஒழுங்கு எதுவும் அன்று இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. அதன் பின்னரே அது அமைக்கப்பட்டது. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் நாகபட்டினத்திலும் உறவுகளை இழந்த குடும்பங்கள் எம்மிடையே இருக்கின்றன. பூமி நகர்கின்றது என்ற அறிவு பரீட்சைக்கு மாத்திரம் உரியதன்று என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இன்று ஜேர்மனியின் பிறேமர்ஹாவன் நகரில் துருவ ஆய்வுக்கென அமைந்துள்ள நிறுவனம் வெக்னரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவரோ தமது கொள்கை வென்றதை அறியாமலே மறைந்தார். ஆயினும் அவர் சேர்த்துவைத்த சான்றுகள் அவருக்காகக் காத்திருந்தன. பாராட்டு வந்தபோது பெருமிதமும், எதிர்ப்பு வந்தபோது சினமும் கொண்டு நின்றுவிடாது, ஒவ்வொரு பதிப்பிலும் தம்மைத் திருத்திக்கொண்டு மேலும் அளக்கப் புறப்பட்டவர் அவர். அந்நிய மொழியில், அந்நிய வகுப்பறையில், தமக்கு உரியதல்ல என்று பிறர் எண்ணும் துறைகளிலும் அடியெடுத்து வைக்கும் எமது மாணவர்கள் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது இதுவே: கண்ணால் கண்டதைக் கேள்வியாக்குங்கள், கேள்விக்குச் சான்று தேடுங்கள், சான்று உங்களுக்கு எதிராக நின்றால் உங்களைத் திருத்திக்கொள்ளுங்கள்.